லீஸ் முடியும் முன்பே புது எலெக்ட்ரிக் காருக்கு மாறலாமா? பழைய காரின் பாக்கி எங்கே போகிறது? முழு விளக்கம்

நிறுவனம் மூலம் லீஸில் எடுத்த எலெக்ட்ரிக் காருக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அதே பிராண்டில் அதிக ரேஞ்ச், பெரிய ஸ்கிரீன், வேகமான சார்ஜிங் என்று புது மாடல் வந்துவிட்டது. லீஸ் நிறுவனத்திலிருந்து போன் வருகிறது: "சார், பழைய காரை எங்ககிட்ட விட்டுடுங்க. மாசத்துக்கு கொஞ்சம்தான் கூடும், புது காரை எடுத்துட்டு போங்க."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதியில் நிற்கும் பழைய லீஸ் என்ன ஆகும்? அதன் பாக்கியை யார் கட்டுவது? கையெழுத்து போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களைப் பார்ப்போம்.

முதலில், கார் லீஸ் என்றால் என்ன?

லீஸில் கார் உங்களுடையது அல்ல. காரை வாங்குவது லீஸ் நிறுவனம். நீங்கள் மாத வாடகை கட்டி ஓட்டுகிறீர்கள். இந்தியாவில் பெரும்பாலும் வேலை செய்யும் நிறுவனம் நடுவில் இருக்கும். வாடகை சம்பளத்தில் பிடிக்கப்படும். வருமான வரி கணக்கிடும் முன்பே அந்தத் தொகை கழிவதால் வரி மிச்சமாகும் என்பதுதான் ஐ.டி., வங்கித் துறை ஊழியர்கள் பலர் லீஸ் பக்கம் போவதற்குக் காரணம். எலெக்ட்ரிக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்பது கூடுதல் ஈர்ப்பு.

மாத வாடகை எப்படி வருகிறது? காரின் விலை, லீஸ் முடியும்போது அதன் மதிப்பு எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பு, வட்டி ஆகிய மூன்றையும் வைத்துத்தான். இரண்டாவதாகச் சொன்ன கணிப்புக்கு 'ரெசிடுவல் வேல்யூ' என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதை 'கடைசி மதிப்பு' என்று வைத்துக்கொள்வோம். 16 லட்சம் ரூபாய் காருக்கு 4 வருஷம் கழித்து 6.4 லட்சம் கடைசி மதிப்பு என்று எழுதினால், நடுவில் குறையும் 9.6 லட்சத்தையும் வட்டியையும்தான் நீங்கள் வாடகையாகக் கட்டுகிறீர்கள்.

எலெக்ட்ரிக் காரில் மட்டும் ஏன் இந்தப் பிரச்சனை பெரிசாக இருக்கிறது?

பெட்ரோல் காரில் இரண்டு வருஷத்தில் பெரிய மாற்றம் வராது. எலெக்ட்ரிக் காரில் கதை வேறு.

டாடா நெக்ஸான் இ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் அறிமுகமானபோது ஆரம்ப விலை 13.99 லட்சம் ரூபாய். பேட்டரி 30.2 கிலோவாட் அவர். சோதனை அளவீட்டில் ரேஞ்ச் 312 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் 45 கிலோவாட் அவர் பேட்டரியுடன் வந்த மாடலின் ஆரம்ப விலையும் 13.99 லட்சம்தான். சோதனை ரேஞ்ச் மட்டும் 489 கிலோமீட்டர். நாலரை வருஷத்தில் அதே ஆரம்ப விலைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பேட்டரி!

இதற்கு முக்கியக் காரணம் பேட்டரி விலை சரிவு. ப்ளூம்பெர்க்என்இஎஃப் ஆய்வின்படி, லித்தியம் அயான் பேட்டரி பேக்கின் உலக சராசரி விலை 2024ல் ஒரே வருஷத்தில் 20 சதவீதம் குறைந்து, கிலோவாட் அவருக்கு 115 டாலர் ஆனது. 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம் நெக்ஸான் இ.வி. விலையை 1.2 லட்சம் ரூபாய் வரை குறைத்தபோதும், பேட்டரி செல் விலை குறைந்ததைத்தான் காரணமாகச் சொன்னது.

புது காரின் விலை குறைந்தால் பழைய காரின் விலை என்ன ஆகும்? அதுவும் இறங்கும். நேற்று 15 லட்சத்துக்கு விற்ற கார் இன்று ஷோரூமில் 14 லட்சத்துக்குக் கிடைத்தால், இரண்டு வருஷம் ஓடிய காருக்குப் பழைய ரேட்டை யார் கொடுப்பார்கள்?

இந்த நஷ்டம் எவ்வளவு பெரிசாகலாம் என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் நிறுவனம் உதாரணம். வாடகைக்கு விடுவதற்காக ஆயிரக்கணக்கில் டெஸ்லா கார்களை அது வாங்கியிருந்தது. 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புது கார்களின் விலையை அமெரிக்காவில் 20 சதவீதம் வரை குறைத்தது. அந்த வருஷம் முழுக்க பழைய எலெக்ட்ரிக் கார்களின் மதிப்பும் சரிந்தது. 2024 ஜனவரியில், சுமார் 20,000 எலெக்ட்ரிக் கார்களை விற்கப்போவதாக ஹெர்ட்ஸ் அறிவித்தது. மதிப்பு சரிவுக்காக மட்டும் சுமார் 24.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. அந்த கார்களை வாடகைக்கு ஓட்டியவர்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. கார் யார் பெயரில் இருந்ததோ, அவர்கள் தலையில்தான் விழுந்தது.

அப்போ லீஸ் எடுத்தவருக்கு நஷ்டமே இல்லையா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கடைசி வரை ஓட்டி காரைத் திருப்பிக் கொடுக்கிற ஒப்பந்தம் என்றால், மதிப்பு சரிவு லீஸ் நிறுவனத்தின் தலைவலி. 6.4 லட்சம் தேறும் என்று அவர்கள் கணக்குப் போட்ட கார் 5 லட்சத்துக்குத்தான் விலை போனாலும், அந்த 1.4 லட்சம் அவர்களின் நஷ்டம். நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம்.

ஆனால் பாதியில் வெளியேறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அன்றைய தேதிக்கு எவ்வளவு பாக்கி, கார் எவ்வளவுக்கு விலை போகும் என்று பார்ப்பார்கள். நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்ப வேண்டியது நீங்கள். அதாவது, லீஸ் நிறுவனம் சுமக்க வேண்டிய ரிஸ்க்கை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள்.

ஒரு முக்கியமான வித்தியாசம்: எல்லா லீஸும் திருப்பிக் கொடுக்கும் லீஸ் அல்ல. ஊழியர் லீஸ்களில் பல, கடைசியில் குறிப்பிட்ட தொகையைக் கட்டி காரை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற அடிப்படையில் எழுதப்படுகின்றன. அந்த மாதிரி ஒப்பந்தத்தில் மதிப்பு சரிவு ஆரம்பத்திலிருந்தே உங்கள் பொறுப்புதான். உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது உதாரணக் கணக்கு மட்டுமே. இன்சூரன்ஸ், பராமரிப்பு, வாடகை மீதான ஜி.எஸ்.டி. ஆகியவற்றைச் சேர்க்கவில்லை.

கார் விலை: 16 லட்சம் ரூபாய்
லீஸ் காலம்: 48 மாதம்
கடைசி மதிப்பு: 6.4 லட்சம்
வட்டி: வருஷத்துக்கு 10 சதவீதம்
மாத வாடகை: சுமார் 29,700 ரூபாய்

24 மாதம் முடிந்துவிட்டது. இதுவரை கட்டியது சுமார் 7.1 லட்சம். "பாதி காலம் முடிஞ்சதே, பாதி கடனும் முடிஞ்சிருக்கும்" என்று தோன்றும். ஆனால் ஆரம்ப மாதங்களில் வட்டிப் பங்கு அதிகம் என்பதால், பாக்கி சுமார் 11.7 லட்சம் நிற்கும். 7 லட்சத்துக்கு மேல் கட்டியும் அசல் 4.3 லட்சம்தான் குறைந்திருக்கிறது.

இப்போது இந்த கார் மார்க்கெட்டில் 9.5 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளம் சுமார் 2.2 லட்சம். முன்கூட்டியே முடிப்பதற்கான ஃபோர்க்ளோஷர் கட்டணம் வரியோடு சுமார் 40,000 என்றால், மொத்தம் 2.6 லட்சம்.

இந்த 2.6 லட்சத்தைக் கையிலிருந்து கட்டச் சொன்னால் பலரும் "வேண்டாம் சார், இருக்கிற வண்டியே போதும்" என்பார்கள். அதனால்தான் அதைப் புது லீஸுக்குள் சேர்த்துவிடுகிறார்கள். 48 மாதத்துக்கு 10 சதவீத வட்டியில் பிரித்தால் மாதத்துக்கு சுமார் 6,600 ரூபாய். "மாசத்துக்கு கொஞ்சம்தான் கூடும்" என்பதற்கு அர்த்தம் இதுதான். 4 வருஷத்தில் நீங்கள் கட்டி முடிக்கும்போது அந்த 2.6 லட்சம் கிட்டத்தட்ட 3.17 லட்சம் ஆகியிருக்கும். அதுவும், உங்களிடம் இல்லாத ஒரு காருக்காக!

'ஃபோர்க்ளோஷர் கட்டணமே கிடையாது' என்கிறார்களே?

சில சமயம் உண்மையிலேயே சலுகை இருக்கும். புது மாடலைத் தள்ள வேண்டிய நேரத்தில் கார் கம்பெனியும் லீஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வது உண்டு. அமெரிக்காவில், லீஸ் முடிய சில மாதங்களே இருக்கும்போது அதே பிராண்டில் புது கார் எடுப்பவர்களுக்கு மிச்ச வாடகையைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் பல வருஷமாக இருக்கிறது.

ஆனால் கட்டணம் ஒரு பெயரில் போய், இன்னொரு பெயரில் திரும்பி வரவும் வழி உண்டு. புது காருக்கு மற்றவர்களுக்குக் கிடைக்கும் டிஸ்கவுன்ட் உங்களுக்கு மட்டும் இல்லாமல் போகலாம். வட்டி கொஞ்சம் ஏறலாம். லீஸ் காலம் 48 மாதத்திலிருந்து 60 மாதமாக நீளலாம். கடைசி மதிப்பைக் கூட்டிப் போட்டு மாத வாடகையைக் குறைவாகக் காட்டலாம். நீங்களே வாங்க வேண்டிய ஒப்பந்தமாக இருந்தால், அந்தச் சுமை கடைசி மாதத்தில் வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே புது காருக்கு, அதே காலத்துக்கு, இரண்டு கொட்டேஷன் கேளுங்கள். ஒன்று, பழைய காரே இல்லாத புது வாடிக்கையாளர் போல. இன்னொன்று, பழைய காரை மாற்றும் வாடிக்கையாளராக. முதலாவது 32,000 ரூபாய், இரண்டாவது 38,600 ரூபாய் என்றால் வித்தியாசம் 6,600. அதை 48ஆல் பெருக்குங்கள். 3,16,800 ரூபாய். பழைய லீஸை உடைப்பதற்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை அதுதான்.

பலரும் கவனிக்காத இரண்டு ஆபத்துகள்

ஒன்று, இன்சூரன்ஸ். புது காரின் லீஸுக்குள் பழைய காரின் 2.6 லட்சம் ஒளிந்திருக்கிறது. கார் திருடு போனாலோ, விபத்தில் முழுசாக நொறுங்கினாலோ, இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுப்பது அந்த காருக்கு பாலிசியில் குறித்த மதிப்பைத்தான். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆன் எடுத்திருந்தாலும் அது புது காரின் பில் தொகையை வைத்துத்தான் கணக்கிடப்படும். பழைய காரின் பாக்கியை அது மூடாது. கார் போயிருக்கும், கடன் மட்டும் நிற்கும்.

இரண்டு, வேலை. ஊழியர் லீஸ் உங்கள் வேலையோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் பொதுவாக மூன்று வழிகள்தான்: பாக்கியைக் கட்டி காரை வாங்குவது, காரைத் திருப்பிக் கொடுத்து ஃபோர்க்ளோஷர் தொகை கட்டுவது, அல்லது புது நிறுவனம் ஏற்றுக்கொண்டால் லீஸை அங்கே மாற்றுவது. பழைய லீஸில் இரண்டு வருஷத்தை ஓட்டி முடித்திருந்தீர்கள். புது லீஸ் போட்டால் மறுபடி முதல் மாதத்திலிருந்து ஆரம்பம், பாக்கியும் உச்சத்தில். அடுத்த ஒரு வருஷத்துக்குள் வேலை மாறும் எண்ணமோ, வேலை போகும் பயமோ இருந்தால், இந்த நேரத்தில் கார் மாற்றுவது பெரிய ரிஸ்க். ஃபைனல் செட்டில்மென்ட்டில் பெரிய தொகை பிடிக்கப்படலாம்.

பேட்டரி போயிடுமோ என்ற பயத்தில் மாற்றலாமா?

தேவையில்லை. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களுக்கு பேட்டரி வாரன்டி 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை இருக்கிறது. 3 அல்லது 4 வருஷ லீஸ் அதற்குள் முடிந்துவிடும். ரேஞ்ச் கொஞ்சம் குறைவது இயல்பு. வழக்கத்துக்கு மாறாக வேகமாகக் குறைந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுங்கள். வாரன்டியில் சரியாக வேண்டிய பிரச்சனைக்காக 3 லட்சம் செலவழித்து கார் மாற்ற வேண்டியதில்லை.

சரி, எப்போ மாற்றினால் நியாயம்?

எல்லா நேரத்திலும் மாற்றுவது தப்பு என்று சொல்ல முடியாது. சில சூழ்நிலைகளில் அது சரியான முடிவாகவும் இருக்கலாம்.

லீஸ் முடிய 3 முதல் 6 மாதம்தான் இருக்கிறது என்றால் பள்ளம் சின்னதாக இருக்கும். சலுகை கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

காரின் மார்க்கெட் விலை பாக்கியை விட அதிகமாக இருந்தால் மாற்றுவதில் நஷ்டம் இல்லை. சிப் தட்டுப்பாடு வந்த 2021, 2022ல் அமெரிக்காவில் பழைய கார்களின் விலை எகிறியபோது பலருக்கு இது நடந்தது. எலெக்ட்ரிக் காரில் இது அபூர்வம். இருந்தாலும் இரண்டு, மூன்று இடத்தில் விலை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வாழ்க்கை மாறிவிட்டது என்றால் யோசிக்கலாம். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டியவர் இப்போது வேறு ஊருக்கு மாறி 150 கிலோமீட்டர் ஓட்டுகிறார், கார் தாங்கவில்லை என்றால் அது உண்மையான தேவை. அப்போது கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

அதே அலுவலகத்தில் இன்னொருவர் உங்கள் லீஸை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால், ஃபோர்க்ளோஷர் இல்லாமலேயே வெளியே வர வழி கிடைக்கலாம். நிறுவனமும் லீஸ் கம்பெனியும் இதை அனுமதிக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லை, புது மாடல் அழகாக இருக்கிறது என்பது மட்டும்தான் காரணம் என்றால், காத்திருப்பதே லாபம். லீஸ் முடியும்போது இன்று கண்ணில் படும் மாடலை விட நல்ல கார் அதே விலையில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். விலை இறங்கும் பொருளில் காத்திருப்பவருக்குத்தான் சாதகம்.

கையெழுத்து போடும் முன் கேட்க வேண்டியவை

1. இன்றைய தேதிக்கு ஃபோர்க்ளோஷர் தொகை எவ்வளவு? வரியோடு, எழுத்தில் வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ் போதாது, லீஸ் நிறுவனத்தின் ஸ்டேட்மென்ட் வேண்டும்.

2. என் பழைய காருக்கு எவ்வளவு விலை போடுகிறீர்கள்? அதை வெளியே கேட்ட விலையோடு ஒப்பிடுங்கள்.

3. பழைய பாக்கியில் எவ்வளவு புது லீஸில் சேர்கிறது? தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

4. புது லீஸின் காலம், வட்டி, கடைசி மதிப்பு என்ன? முடியும்போது காரைத் திருப்பிக் கொடுக்கலாமா, வாங்கியே ஆக வேண்டுமா?

5. அதிகம் ஓட்டிய கிலோமீட்டருக்கும், கீறல், டென்ட்டுக்கும் தனியாக எவ்வளவு பிடிப்பீர்கள்? காரை ஒப்படைக்கும் நாளில் எல்லாப் பக்கமும் போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள்.

6. ஃபோர்க்ளோஷர் தொகை சம்பளத்தில் எப்படிப் பிடிக்கப்படும்? வாடகைக்குக் கிடைத்த வரிச்சலுகை இதற்கும் கிடைக்குமா? உங்கள் நிறுவனத்தின் பே-ரோல் பிரிவிடம் உறுதி செய்யுங்கள்.

7. லீஸ் முடிந்ததற்கான என்.ஓ.சி. எப்போது வரும்? காரை நீங்களே வாங்கி விற்கிறீர்கள் என்றால், ஆர்.சி.யில் உள்ள லீஸ் பதிவை நீக்க ஃபார்ம் 35, பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30 தேவைப்படும்.

மாற்றியே தீர்வது என்று முடிவு செய்தால்...

இன்சூரன்ஸ் பாலிசி உங்கள் பெயரில் இருந்தால், நோ கிளெய்ம் போனஸைப் புது காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த போனஸ் காருக்கானது அல்ல, பாலிசிதாரருக்கானது. பாலிசி லீஸ் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இது பொருந்தாது.

ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் ஓட்டும்போது டோல் பணம் உங்கள் கணக்கில் போகும். காரின் மொபைல் ஆப்பிலிருந்து வெளியேறி, காரில் சேமித்த வீட்டு முகவரி, போன் தொடர்புகளை அழித்துவிடுங்கள்.

வீட்டில் மாட்டிய சார்ஜரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். இந்தியாவில் இப்போது விற்கும் பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்கள் வீட்டு சார்ஜிங்கில் ஒரே வகை டைப் 2 இணைப்பைத்தான் பயன்படுத்துகின்றன. பழைய சார்ஜரே புது காருக்கும் வேலை செய்யலாம். அது லீஸில் சேர்ந்ததா, உங்கள் சொந்தமா என்பதை மட்டும் பில்லில் பாருங்கள்.

பழைய லீஸ் மாயமாக மறைவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். அது நீங்களா, லீஸ் நிறுவனமா, எவ்வளவு என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். "மாசத்துக்கு எவ்வளவு கூடும்?" என்று கேட்பதற்குப் பதிலாக "மொத்தத்தில் எவ்வளவு கூடும்?" என்று கேட்டாலே, பாதி ஆஃபர்களின் உண்மை முகம் தெரிந்துவிடும்.